மௌனத்தின் தளை அறுத்த மார்லன் றிக்ஸ்

பெரியோரின் சரிதங்களை மாணவருக்கு எடுத்துரைக்கும்போது, அவர்கள் பேசியவற்றையும் எழுதியவற்றையுமே நாம் பெரிதும் சொல்லுகிறோம். அவர்கள் வாய்திறவாதிருந்த காலங்களைப் பற்றி எவரும் சொல்வதில்லை. நான் இங்கு சொல்ல எடுத்துக்கொண்ட மனிதரின் வாழ்க்கையிலோ, பேசாதிருந்த காலம் நீண்டது. பேசத் துணிந்த காலம் மிகக் குறுகியது. முப்பத்தேழு ஆண்டுகளே வாழ்ந்து 1994இல் மறைந்த அவர், தம் இறுதி ஆறு ஆண்டுகளிற் பேசியவற்றின் பயனை எண்ணற்ற இளைஞர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரான மார்லன் றிக்ஸ் என்னும் விவரணப்படக் கலைஞரே அவர்.

நாற்பது ஆண்டுகள் மாணவருக்கு இலக்கியம் கற்பித்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், வெளிநாட்டில் வாழும் பழைய நண்பர் ஒருவரின் இல்லத்திற் சில காலம் தங்கியிருந்தபோது, ஓரிரவு அவர் எனக்கு ஒரு படத்தைக் காட்டினார். ஐம்பத்தைந்து நிமிடங்களே ஓடும் விவரணப்படம் அது. 'ரங்ஸ் அன்ரைட்' என்பது அதன் பெயர். கட்டவிழ்ந்த நாவுகள் என்று தமிழிற் சொல்லலாம். கறுப்பின மக்களிடையே தம் பாலாரை விரும்பும் ஆண்களின் வாழ்வைப் பற்றிய படம் என்று நண்பர் சொன்னபோது, உண்மையைச் சொல்வதானால், எழுந்து போய்விடலாமா என்றே எண்ணினேன். நட்பின் பொருட்டு இருந்தேன். படம் முடிந்த பின் வெகுநேரம் உறக்கம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் என் வகுப்பிலிருந்த ஒரு மாணவனின் முகம் கண்முன் வந்து நின்றது. அவனைப் பற்றி இறுதியிற் சொல்வேன். முதலில் றிக்ஸின் கதையைச் சொல்லவேண்டும்.

அவர் 1957ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வேர்த் நகரிற் பிறந்தார். பெற்றோர் அமெரிக்க இராணுவத்தைச் சார்ந்த பணிகளில் இருந்தமையால், குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. ரெக்சாஸிலும் ஜோர்ஜியாவிலும் ஜேர்மனியிலும் அவருடைய பிள்ளைப் பருவம் கழிந்தது. ஜோர்ஜியாவின் ஹெப்சிபா என்னும் சிற்றூரிற் படித்த நாட்கள் அவர் மனத்தில் ஆறாத வடுவாயின. வெள்ளைப் பிள்ளைகள் நிறத்தைச் சொல்லி ஏசினர். நன்றாகப் படித்து வெள்ளையரோடு ஒரே வகுப்பில் இருக்கிறான் என்பதற்காகக் கறுப்புப் பிள்ளைகள் இனத்துரோகி என்று எள்ளினர். அவருடைய நடையையும் பேச்சையும் பார்த்த இருசாராரும் ஆண்மையற்றவன் என்று பழித்தனர். மூன்று வசைகளுக்கும் அச்சிறுவன் கண்ட மறுமொழி ஒன்றே. அவன் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தான்.

அந்தப் புத்தகமே அவரை ஹார்வாட் சர்வகலாசாலைக்கு இட்டுச் சென்றது. அங்கு வரலாறு பயின்று 1978இற் சிறப்புச் சித்தியெய்தினார். தாம் ஆண்களையே விரும்புபவர் என்பதை அவர் ஐயமின்றி உணர்ந்ததும் அங்கேதான். அதனைப் பற்றிப் படிக்கப் பாடமேதும் இல்லாதிருந்தமையால், அமெரிக்க இலக்கியத்தில் அத்தகைய ஆண்கள் எவ்வாறு காட்டப்படுகின்றனர் என்பதைத் தாமே ஆராய அனுமதி வேண்டிப் பெற்றார். பட்டம் பெற்றபின் ரெக்சாஸிலே ஒரு தொலைக்காட்சி நிலையத்திற் சிறிது காலம் பணியாற்றினார். நிறவேற்றுமையின் கசப்பு அங்கும் இருக்கவே, மேற்குக் கரைக்குச் சென்று பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பத்திரிகைத்துறை பயின்று 1981இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1987 முதல் அதே துறையில் ஆசிரியராகவும் விளங்கினார்.

அவருக்குப் புகழ் தேடித்தந்த முதற்படம் 'எத்னிக் நோஷன்ஸ்' ஆகும். கறுப்பின மக்களை வெள்ளை அமெரிக்கா ஒன்றரை நூற்றாண்டாக எவ்வெவ்வாறு கேலிச்சித்திரங்களாகத் தீட்டிவந்தது என்பதை, விளம்பரங்களிலிருந்தும் விளையாட்டுப் பொம்மைகளிலிருந்தும் மேடைக் கூத்துகளிலிருந்தும் திரட்டிக் காட்டிய படம் அது. 1988இல் அதற்கு எமி விருது கிடைத்தது. ஒரு மனிதனை அவமதிப்பதற்குச் சட்டமும் சாட்டையும் வேண்டியதில்லை, அவனைப் பற்றிய பொய்யான படம் ஒன்றே போதும் என்பதை அவர் ஐயந்திரிபறக் காட்டினார். இந்த அறிவே பின்னர் அவருடைய பெரும்பணிக்கு அத்திவாரமாயிற்று.

எனினும் அந்தப் படத்தில் அவர் தம்மைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அப்போது அவர் சன் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையில் வாழ்ந்தார். ஆண்களை விரும்பும் ஆண்கள் அச்சமின்றி நடமாடிய காஸ்ரோ என்னும் பகுதி அந்நகரிலே இருந்தது. தம் வீட்டை அடைந்துவிட்டோம் என்று எண்ணி அங்கு சென்றவர், மெல்ல மெல்ல ஓர் உண்மையைக் கண்டார். கடைகளின் கண்ணாடிகளிலும் சஞ்சிகைகளின் பக்கங்களிலும் எங்கும் வெள்ளை முகங்களே இருந்தன. கறுப்பு முகம் அகப்பட்டால், அது தாம் ஆராய்ந்த பழைய கேலிச்சித்திரத்தின் மறுபிறப்பாகவே இருந்தது. தேவாலயமும் அரசியற் கூட்டமுமாக அமைந்த தம் இனத்தவரின் சமூகத்திலோ, அவர் போன்றோருக்கு வாய் இருக்கவில்லை. ஒரு வீட்டில் நிறத்தினால் அந்நியர். மற்ற வீட்டில் விருப்பத்தினால் அந்நியர்.

இந்த இரட்டை அந்நியம் மனவேதனையோடு நின்றுவிடாமல் உயிரைக் குடிக்கும் காலம் வந்தது. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பின்னர் எயிட்ஸ் எனப்பட்ட நோயின் முதல் அறிக்கை அமெரிக்காவில் வெளிவந்தது. 1983இல் அதற்குக் காரணமான கிருமி கண்டறியப்பட்டது. 1985இல் இரத்தப் பரிசோதனை கிடைத்தது. ஆரம்பத்தில் நோயாளிகளின் முகங்களாகப் பத்திரிகைகளிலே தோன்றியவை பெரும்பாலும் வெள்ளையரின் முகங்களே. ஆனால் 1986இல் அரசாங்கம் வெளியிட்ட கணக்கு வேறு கதையைச் சொல்லிற்று. அமெரிக்க மக்களில் 12 சதவீதத்தினரான கறுப்பினத்தவர், நோயுற்றோரில் 25 சதவீதமாக இருந்தனர். எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரமோ வேறொருவனை நோக்கி எழுதப்பட்டதாகவே கறுப்பின இளைஞனுக்குத் தோன்றியது.

அன்றியும், அரசாங்க வைத்தியத்தை நம்புவதற்கு அம்மக்களுக்குக் காரணம் இருக்கவில்லை. அலபாமா மாநிலத்தின் ரஸ்கீகி என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோயுற்ற ஏறத்தாழ 400 ஏழைக் கறுப்பினத்தவரை, நோயின் போக்கை அறியும்பொருட்டு அரசாங்க வைத்தியர்களே சிகிச்சையின்றி விட்டுவைத்தார்கள். பெனிசிலின் வந்த பின்னரும் கொடுத்தார்களில்லை. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், இரத்தம் தாருங்கள் என்று வந்து நின்ற தாதியை ஐயத்தோடு பார்த்தமை வியப்பன்று.

1988ஆம் ஆண்டு றிக்ஸின் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்தது. ஜேர்மனிக்குச் சென்றிருந்தபோது சிறுநீரகங்கள் செயலிழந்து வைத்தியசாலையில் மரணவாயில்வரை சென்றார். அங்குதான் தம் உடலில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை அறிந்தார். அதே ஆண்டின் கடைசி வாரத்தில், பிலடெல்பியாவில் ஜோசப் பீம் என்னும் எழுத்தாளர் எயிட்ஸ் நோயால் மறைந்தார். தம்மையொத்த கறுப்பின எழுத்தாளர்களின் படைப்புகளைத் திரட்டி 1986இல் 'இன் த லைவ்' என்ற தொகைநூலை வெளியிட்டுப் பலருக்கு நாக்கைக் கொடுத்தவர் அவர். அவரே தம் நோயைப் பற்றி வாய்திறவாது, தமது முப்பத்து நான்காவது பிறந்தநாளுக்குச் சில தினங்களின் முன் இறந்துபோனார். அவர் தொடங்கிய இரண்டாம் தொகுதியை, அவருடைய தாயாரின் துணையோடு, எசெக்ஸ் ஹெம்பில் என்னும் கவிஞர் 1991இல் நிறைவேற்றினார். மகனின் கையெழுத்துப் பிரதிகளைக் காத்து அந்த நூலை உலகுக்கு அளித்த அத்தாயை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கசியும்.

றிக்ஸ் அஞ்சியிருக்கலாம்; ஒளிந்திருக்கலாம். அவர் பேசத் தொடங்கினார். 1989இல் 'ரங்ஸ் அன்ரைட்' வெளிவந்தது. ஹெப்சிபாவில் தாம் கேட்ட வசைகளை, வசை கூறிய வாய்களையே திரை நிறையக் காட்டி, அவர் அதிலே நினைவுகூருகிறார். ஹெம்பிலும் வேறு கவிஞர்களும் தம் கவிதைகளைச் சொல்லுகின்றனர். விரற்சொடுக்கை ஒரு கலையாகப் பயிற்றும் நகைச்சுவைக் காட்சி உண்டு; பாட்டும் ஆட்டமும் உண்டு. பின்னர் இதயத்துடிப்பின் ஓசை எழ, மரண அறிவித்தல்களிலிருந்து எடுத்த இளைஞர்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. இறுதியில் பழைய குடியுரிமைப் பேரணிகளின் காட்சியும், ஆண்களை விரும்பும் கறுப்பின ஆண்கள் தம் பதாகையைத் தாங்கிச் செல்லும் காட்சியும் ஒன்றோடொன்று இணைகின்றன. நீ எங்கள் வரலாற்றின் புறத்தே நிற்பவனல்லன், அதன் நடுவே நடப்பவன் என்பதை அக்காட்சி சொல்லாமற் சொல்லுகிறது.

இது சுகாதாரப் பிரசாரப் படமன்று. ஆணுறையைப் பற்றியும் பரிசோதனையைப் பற்றியும் அதில் விரிவுரை ஏதுமில்லை. ஆயினும் சுகாதார ஊழியர் பலர் பல ஆண்டுகள் கழித்துக் கற்றுக்கொண்ட பாடத்தை அது முன்னரே அறிந்திருந்தது. தன் உயிருக்கு விலையில்லை என்று போதிக்கப்பட்ட ஓர் இளைஞனிடம், உயிரைக் காத்துக்கொள் என்று சொல்வதனாற் பயனில்லை. முதலில் அந்த உயிருக்கு விலை உண்டு என்பதை அவன் காணவேண்டும்.

படத்திற்குப் பேர்ளின் திரைப்பட விழாவில் 1990இற் பரிசு கிடைத்தது. தாய்நாட்டிலோ புயல் கிளம்பியது. 1991 ஜூலையிற் பொதுத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட இருந்தபோது, பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. அரசாங்கக் கலைநிதியிலிருந்து படத்துக்குச் சேர்ந்தது 5,000 டொலரே எனினும், மக்களின் வரிப்பணம் வீணானதென்ற கூக்குரல் எழுந்தது. 1992இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற பற்றிக் புக்கானன், அப்படத்தின் துண்டொன்றைத் தம் தேர்தல் விளம்பரத்திற் சேர்த்து எதிராளியைத் தாக்கினார். றிக்ஸ் பத்திரிகையிலே நேராக மறுமொழி எழுதினார். பள்ளிக்கூடத்தில் வாய்மூடி நின்ற சிறுவன், ஒரு நாடே ஏசியபோது தலைநிமிர்ந்து நின்றான்.

அடுத்து அவர் செய்த சிறுபடம் ஒன்று என் உள்ளத்தில் ஆழப்பதிந்தது. எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்ந்த கறுப்பின ஆண்கள் ஐவர் தம் கதையை அதிலே சொல்லுகின்றனர். சன் பிரான்சிஸ்கோவில் நோய்த்தடுப்புப் பணிக்கு முன்னின்ற றெஜி வில்லியம்ஸ், நியூயோர்க்கின் கவிஞர்களான அசொட்டோ செயின்ற், டொனல்ட் வூட்ஸ் ஆகியோர் அவர்களுட் சேர்வர். தொடக்கத்திற் பேசுபவரின் முகம் முழுதாகத் தெரிவதில்லை. கதை வளர வளர, அச்சம் விலக விலக, முகமும் மெல்ல வெளிப்படுகிறது. நோயை ஒளித்தவன் முகத்தையே ஒளிக்கவேண்டியவன் ஆகிறான் என்பதை, ஒரு சொல்லும் சேர்க்காமல், படம்பிடித்த முறையினாலேயே உணர்த்திய திறம் பெரிது.

இறுதிப் படத்தைத் தொடங்கியபோது அவருடைய உடல் தளர்ந்துவிட்டது. 'பிளாக் இஸ், பிளாக் எயின்ற்' என்பது அதன் பெயர். கறுப்பினத்தவன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று விதிப்பவர் யார் என்பதே அதன் வினா. அவருடைய முன்னோரின் நாடான லூசியானாவில் 'கம்போ' என்றொரு உணவு உண்டு. நம் ஒடியற்கூழைப் போல, மீனும் இறாலும் நண்டும் கையிற் கிடைத்த பிறவும் ஒரே பானையில் வேகும். எதுவும் தன் சுவையை இழப்பதில்லை, எதனையும் விலக்கினாற் கூழ் சிறப்பதில்லை. தம் இனத்தையும் அவ்வாறே கண்ட றிக்ஸ், பாட்டியாரின் அந்தப் பானையையே படத்தின் உருவகமாக்கினார். வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தபடி, மெலிந்த உடலைக் கமராவின் முன் மறைக்காது, குருதியணுக்கள் குறைந்துவருவதையும் தாமே கூறினார். 1994 ஏப்ரில் 5ஆம் திகதி ஓக்லண்டில் அவர் உயிர் பிரிந்தது. உடன் உழைத்தவர்கள் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு படத்தை முடித்தார்கள். அடுத்த ஆண்டு சண்டான்ஸ் விழாவில் அது பரிசு பெற்றது. அந்த ஆண்டின் நவம்பர் மாதத்திலே ஹெம்பிலும் மறைந்தார்.

விதியின் கொடுமையை என்னென்பது! 1996இல், பல மருந்துகளை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை பரவி, மரணம் பின்வாங்கத் தொடங்கிற்று. அதன்பின் வைத்தியம் வெகுதூரம் வந்துவிட்டது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு இரத்தத்திற் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து, உடலுறவினால் நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. நோய் வராமலே காக்கும் மாத்திரை 2012இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி 2021இலும், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி 2025இலும் வந்தன.

அப்படியாயின் துயரம் தீர்ந்ததா? இல்லை. 2016இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அப்போதிருந்த வேகம் தொடருமாயின், ஆண்களை விரும்பும் கறுப்பின ஆண்களில் இருவரில் ஒருவர் தம் ஆயுட்காலத்தில் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாவர் என்பதே அது. அதற்கு முன்னர் ஆறு நகரங்களில் 1,553 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றிலே, முப்பது வயதுக்கு உட்பட்டோரிடையே ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது. இவ்விளைஞர் ஒழுக்கங்கெட்டு அலைவதனால் வந்த வினை என்று சிலர் எளிதாகத் தீர்ப்புக் கூறுவர். பல ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டவர்கள் கண்டதோ நேர்மாறானது. வெள்ளை இளைஞரைவிட இவர்கள் கூடுதலான அபாயச் செயல்களில் ஈடுபடவில்லை. நோயுற்றும் அதனை அறியாதிருப்பவர் இவர்களிடையே அதிகம். காப்புறுதியும் வைத்தியரும் கிட்டாதவர் அதிகம். சிகிச்சையைத் தொடங்கியும் இடையிலே விடுபட்டவர் அதிகம். ஒரே செயலுக்கு ஒருவன் தப்புகிறான், மற்றவன் அகப்படுகிறான்.

ஆகவே, அவர்களைச் சிகிச்சையின் பக்கம் அழைத்துவருவது எப்படி என்பதே பெரிய வினாவாயிற்று. அதற்கு விடை கண்ட முயற்சிகளை ஆராய்ந்தால், எல்லாவற்றிலும் றிக்ஸின் வழியே தெரிகிறது. 'மெனி மென், மெனி வொய்சஸ்' என்னும் திட்டத்தில், அதே சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டிகள் சிறு குழுக்களைக் கூட்டி, நிறவேற்றுமையையும் குடும்பத்தையும் தேவாலயத்தையும் பற்றி மனந்திறந்து பேசச் செய்தபின்னரே நோயைப் பற்றிப் பேசினர். நியூயோர்க்கில் நடந்த அதன் சோதனையின் முடிவு 2009இல் வெளிவந்தது. பங்குபற்றியவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன்வருவது கூடியிருந்தது. வீட்டினரால் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயும் தந்தையுமாக நிற்கும் மூத்தோரைத் தலைவராகக் கொண்ட ஆட்டக் குழுக்கள் அந்நகரில் உண்டு. சுகாதார ஊழியர் அக்குழுக்களின் விழாக்களுக்கே சென்று பரிசோதனை செய்தனர். வா என்று ஆணையிடாமல், அவர்கள் இருக்குமிடத்துக்குத் தாமே போனார்கள்.

றிக்ஸின் படம் 2022இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. ஒளிபரப்பத் தகாததென்று ஒதுக்கப்பட்ட படம் தேசத்தின் செல்வமாகப் பேணப்படுவதைக் காண அவர் இல்லை.

இனி அந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனிமை என்ற தலைப்பிற் கட்டுரை எழுதும்படி ஒருமுறை வகுப்பிற் சொன்னேன். எல்லாரும் மழையையும் கடற்கரையையும் எழுதினார்கள். அவன், எல்லாரும் இருக்கும் வீட்டில் தன்னைப் பற்றி மட்டும் யாருக்கும் சொல்லமுடியாத ஒருவனைப் பற்றி எழுதியிருந்தான். எனக்கு விளங்காமலில்லை. ரகர றகரப் பிழைகளைச் சிவப்பு மையினால் திருத்தி, பத்துக்கு ஏழு புள்ளி இட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஆசிரியர் அறையின் வாசலில் வந்து நின்றான். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போ தம்பி என்றேன். போய்விட்டான். அதன்பின் அவன் எதையும் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு அவன் சென்று எத்தனையோ ஆண்டுகளாகின்றன.

நான் அவனைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை, பிறரிடம் சொல்லவுமில்லை. அதனால் நல்லாசிரியனாகவே நடந்துகொண்டேன் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். றிக்ஸின் படம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. பேசத் துடித்த ஒரு வாயை என் மௌனத்தினாலேயே நான் மூடியிருக்கிறேன். நோய்க்கு மருந்து கண்டவர்கள் வைத்தியர்கள். அந்த மருந்தின் வாசலுக்கு ஒருவன் அச்சமின்றி நடந்துவருவதற்கு, அதற்கு வெகுகாலம் முன்பே எவரேனும் ஒருவர் அவனை இருத்தி அவன் சொல்வதைக் கேட்டிருக்கவேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் தாயாகவோ, தமையனாகவோ, ஆசிரியராகவோதான் இருக்கமுடியும்.

இதனை வாசிக்கும் ஆசிரிய அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ஒரு மாணவன் கட்டுரைக் கொப்பியைக் கையிற் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால், மணி அடித்தாலும் பாதகமில்லை. அவனை உள்ளே அழைத்து ஒரு கதிரையைக் காட்டுங்கள்.